நீட்டத்தை எழுதுதல்

போடிமெட்டுச் சாலையில் ஏறி, கேரள எல்லையைக் கடந்து, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காய் எடுத்த ஒரு மூதாட்டியின் தாலாட்டு, சென்ற ஆண்டு எங்கள் மாணவி ஒருத்தியின் கைபேசியில் பதிவானது. பாடியவர் அவளுடைய அம்மாச்சி. நாட்டார் வழக்காற்றியல் பாடத்துக்கான களப்பணி அது. சொற்களை எழுதி, வட்டாரச் சொற்களுக்குப் பொருள் கொடுத்துவிட்டால் போதும் என்பது எங்கள் துறையின் வழக்கம். அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் விசைப்பலகை வாசிக்கிறவள். மெட்டையும் எழுத வேண்டும் என்று இசை எழுதும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் இறக்கிக்கொண்டு, பதிவைக் கேட்டுக் கேட்டுச் சிறிய விசைப்பலகையில் வாசித்து, அது எழுதித் தந்ததை அச்செடுத்துக்கொண்டு வந்தாள்.

தாளில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். பாட்டின் தொடக்கத்தில் ‘ரோ’ என்னும் ஓரெழுத்தை அந்த அம்மாள் மூச்சு முடியும் வரை இழுக்கிறார். விநாடிக்கு ஓர் அடி என்று வைத்தால் நான்கே முக்கால் அடி வருகிறது. மென்பொருள் அதை இப்படிக் காட்டியிருந்தது: முதலில் ஓர் அரைக்கால் சுரம்; அதிலிருந்து ஒரு வளைவு அடுத்த அரைச் சுரத்துக்கு; நடுவே ஒரு குறுக்குக்கோடு; கோட்டைத் தாண்டி மற்றொரு வளைவு, மற்றோர் அரைச் சுரம்; அதன் வாலில் ஒரு வீசம்.

“சார், அம்மாச்சி பாடினது ஓரெழுத்து. இதுல நாலு இருக்கே?”

மேற்கத்திய இசையறிந்தவர்கள் இக்கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். வளைவால் பிணைத்த நான்கும் ஒரே ஒலிதான், நான்கு முறை தட்டக்கூடாது என்பது முதல் வகுப்புப் பாடம். அது அவளுக்கும் தெரியும். அவள் கேட்டது வேறு. பாடியவர் உடைக்காத ஒன்றை எழுதும்போது ஏன் உடைக்க வேண்டியிருக்கிறது என்பதே அவள் கேள்வி. அதற்கு விடை தேடிப் போனதில் இலக்கணம், அச்சு, மருத்துவம், தேர்தல் என்று பல வாசல்களில் நுழைந்து வெளிவர வேண்டியதாயிற்று. அதையே இங்கே எழுதுகிறேன்.

(அரைக்கால், வீசம் என்று நான் எழுதுவதைக் கண்டு யாரும் முகம் சுளிக்க வேண்டாம். முழுச் சுரத்தில் நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று என்றே மேலைச் சுரங்கள் இறங்குகின்றன. நம் பழைய கீழ்வாய் எண்களும் கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று அதே படிகளில் இறங்குகின்றன. வாய்ப்பாடு மறந்துபோன தலைமுறைக்கு இசை எழுத்தின் வழியாகவாவது வீசம் திரும்பி வரட்டும்.)

முதலில் கணினி செய்வது என்னவென்று பார்க்கலாம். விசையை அழுத்திய கணமும் விட்ட கணமும் கணினிக்கு வெறும் எண்கள். 1983இல் உருவான மிடி என்னும் நெறிமுறையின்படி மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. அதன் கோப்புகளில் ஒரு கால் சுரத்தைப் பெரும்பாலும் 480 துணுக்குகளாகப் பகுத்து வைப்பார்கள். மனிதக் கை 480இல் சரியாக நிற்காது. 463இல் விடும், 491இல் விடும். அதை அப்படியே எழுதினால் தாள் முழுவதும் வளைவும் வாலுமாக யாரும் படிக்க முடியாத புதராகிவிடும். ஆகவே மென்பொருள் ஒவ்வொரு கணத்தையும் அருகிலுள்ள வீசத்துக்கோ அரைக்காலுக்கோ ஒதுக்குகிறது. போடியில் ஏலக்காய் வணிகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காயைச் சல்லடையில் போட்டு, 8 மில்லிமீட்டர் கண்ணில் நிற்பது ஒரு தரம், விழுவது அடுத்த தரம் என்று பிரிக்கிறார்கள். எட்டுக்கு ஒரு மயிரிழை குறைந்த காயும் கீழேதான் விழும். வித்தியாசம் ஒன்று உண்டு. சல்லடை காயின் அளவை மாற்றுவதில்லை. மென்பொருளோ ஒதுக்கியபின் அந்த அளவையே உண்மை அளவாகக் காட்டிவிடுகிறது.

ஒதுக்கியபின் உடைப்பது அடுத்த வேலை. கட்டத்துக்கு நான்கு அடி என்று சொல்லிவிட்டால் நான்கும் நிரம்பியே ஆக வேண்டும். ஒலி கட்டத்தின் எல்லையைத் தாண்டினால் கோட்டில் வெட்டி வளைவால் ஒட்ட வேண்டும். பாடாத இடத்தை ஓய்வுக்குறிகளால் மென்பொருள் தானே நிரப்பிக்கொள்ளும். ‘இங்கே எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை’ என்று சொல்ல அதற்குத் தெரியாது. பிறகு இடைவெளி. அரைச் சுரம் கால் சுரத்தைப் போல் இரு மடங்கு நேரம் ஒலிக்கிறது என்பதற்காகத் தாளில் இரு மடங்கு இடம் கொடுப்பதில்லை. செப்புத்தகட்டில் இசையைச் செதுக்கிய பழைய ஐரோப்பியக் கைவினைஞர்கள் கண்ணுக்கு இதமாக அதைவிடக் குறைவான இடமே விட்டார்கள். இன்றைய மென்பொருள்கள் அந்தப் பழக்கத்தைச் சூத்திரமாக்கிக்கொண்டன. லில்லிபாண்ட் என்னும் கட்டற்ற மென்பொருளில், நேரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இடம் ஒரே அளவு மட்டுமே கூடுகிறது. ஆக, தாளில் நாம் காண்பது நேரத்தின் படம் அன்று. நேரத்தைப் படிப்பதற்கான எழுத்து.

மென்பொருள்களுக்கிடையே இசையைக் கொண்டுசெல்ல மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும் கோப்பு வடிவம் இருக்கிறது. அதன் முதற்பதிப்பு 2004இல் வந்தது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு பதிவுகள்: அது எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று ஒன்று, அது எந்த உருவத்தில் எழுதப்படுகிறது என்று மற்றொன்று. ஒலியும் எழுத்தும் வேறு என்று நிரலாளர்களே ஒப்புக்கொண்ட இடம் அது. ஒலிவடிவம், வரிவடிவம் என்ற பாகுபாட்டோடு வளர்ந்த தமிழ் மாணவர்களுக்கு அதில் வியப்படைய ஒன்றுமில்லை.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் தொடக்கத்திலேயே நேரத்தைப் பேசிவிடுகிறார். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, மெய் அரை. மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம். அந்த நொடியையும் நான்காகப் பகுத்த பழம்பாடல் ஒன்று உண்டு. நொடிக்க நினைப்பது கால், விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுப்பது ஒன்று. ஒலி வெளிவருவதற்கு முன்பே முக்கால் பங்கு நேரம் போய்விடுகிறது என்று கண்ட மனத்தை எண்ணி எத்தனையோ முறை வியந்திருக்கிறேன்.

நம் பொருளுக்கு நேராக வருவது அதற்கடுத்த செய்தி. மூன்று மாத்திரை ஒலிக்கும் தனியெழுத்து கிடையாது என்கிறார் தொல்காப்பியர். நீட்ட வேண்டுமானால் என்ன செய்வது? வேண்டிய அளவுடைய எழுத்துகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நெடிலின் பக்கத்தில் அதன் இனக்குறிலை எழுதுகிறோமே, அந்த அளபெடைதான் இது. ‘ஓஒ’ என்று எழுதினால் கண்ணுக்கு இரண்டு எழுத்து, காதுக்கு ஒரே நீட்டம். மாணவியின் தாளில் இருந்த வளைவு செய்வதும் இதையே. எந்த எழுத்துமுறையிலும் குறிகள் சில, நேரங்களோ எண்ணற்றவை. குறிகளைக் கூட்டித்தான் நேரத்தை ஆக்க முடியும். மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் கேள்விக்கு நான் கொடுத்த முதல் விடையும் இதுதான்: உன் அம்மாச்சியின் ‘ரோ’வுக்கு அளபெடை போட்டிருக்கிறது.

ஆனால் தொல்காப்பியர் அங்கே நின்றுவிடவில்லை. நூன்மரபின் கடைசி நூற்பாவில், எழுத்துகள் தமக்குரிய அளவைக் கடந்து ஒலிப்பதும், ஒற்றும் நீண்டு இசைப்பதும் உண்டு, அவை இசை நூலாரின் பாற்பட்டவை என்று ஒதுங்கிக்கொள்கிறார். என்னால் அளக்க முடிந்தது இதுவரை, அப்பால் யாழ்க்காரனைக் கேள் என்பது அதன் தொனி. இலக்கணக்காரன் ஒருவன் தன் எல்லையை இவ்வளவு கண்ணியமாகச் சொன்ன இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை.

ஐரோப்பாவிலும் கதை குறில் நெடிலில்தான் தொடங்குகிறது. சுரத்தின் உயரத்தைக் கோடுகளில் காட்டும் முறையைத் துறவி கைதோ பதினோராம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார். நேரத்தை உருவத்தில் காட்ட மேலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏறக்குறைய 1280இல் கொலோன் நகரத்துப் பிராங்கோ எழுதிய நூலில்தான் சுரத்தின் உருவமே அதன் நேரத்தைச் சொல்லும் என்ற விதி தெளிவாக நிலைபெறுகிறது. அவர் கையாண்ட பெயர்கள் லத்தீன் யாப்பிலக்கணத்திலிருந்து வந்தவை: லோங்கா, பிரெவிஸ். நெடில், குறில். அவருடைய நிறைவான நெடிலுக்கு மூன்று அளவு. மூவொருமைத் தத்துவத்தைக் காட்டி அதற்கு நியாயம் சொன்னார். நம்மவர் தனியெழுத்துக்கு மறுத்த அந்த மூன்றாம் மாத்திரையை அவர் இறையியலால் வாங்கிவிட்டார். பின்னர் குறிலைப் பிளந்து செமிபிரெவிஸ், அதாவது அரைக்குறில், அதையும் பிளந்து மினிமா, அதாவது மிகச் சிறியது. காலப்போக்கில் பெரியவை வழக்கொழிந்தன. சிறியவை மெல்ல நீண்டன. இன்று மென்பொருளில் ‘முழுச் சுரம்’ என்று தலைமையில் நிற்கும் வெற்று முட்டை வடிவத்தை ஆங்கிலேயர் இன்னும் செமிபிரீவ் என்றே அழைக்கிறார்கள். உச்சத்தில் இருப்பதன் பெயர் அரைக்குறில்! எழுத்தின் பெயரை நம்பி நேரத்தை அளந்தவன் கெட்டான்.

நம் பக்கத்தில் எழுத்தே நேரத்தைச் சரியாகச் சொல்லாத காலம் ஒன்று இருந்தது. ஓலைச்சுவடியில் புள்ளி இடுவதில்லை. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும், ஒகரமும் ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். இது குறிலா நெடிலா என்பதைப் பாட்டின் ஓசையும் பொருளும் அறிந்தவனே சொல்ல முடியும். ஏடு நினைவூட்டும், வாசிப்பவன் நிரப்புவான். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டுக்கு இன்றைய வரிவடிவத்தைத் தந்தவர் வீரமாமுனிவர் என்பது மரபு. உ.வே.சாமிநாதையர் ஏடுகளோடு பட்ட பாடு நாமறிந்தது. அவர் மாயவரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சில காலம் இசை பயின்றதும், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது உவப்பாக இல்லையென்று விட்டுவிட்டதும் சிலருக்கே நினைவிருக்கும். தொடர்ந்திருந்தால் சுரக்குறிப்பையும் அவர் ஏடு பார்ப்பது போலப் பார்த்திருப்பாரோ என்று ஓர் ஆசை எனக்கு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அச்சு வந்து கதவைத் தட்டியது. சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் 1892இல் தொடங்கி நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய ஐந்துகோட்டில் எழுதி வெளியிடலானார். உலகமே படிக்க வேண்டும் என்பது அவர் கனவு. அந்த எழுத்தின் இயல்பே எல்லாவற்றையும் காட்டுவது. ஒரு சுரத்தை அசைத்துப் பாடினால் அந்த அசைவையும் சிறுசிறு சுரங்களாகப் பிரித்துப் போட்டுத்தான் தீர வேண்டும். அவர் தூண்டுதலுக்குப் பெரும் பங்குண்டு என்றாலும், எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ வேறு வழியில் போயிற்று. தெலுங்கெழுத்தில் எட்டயபுரத்திலேயே அச்சான பெருநூல் அது. தமிழெழுத்தில் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் பல தொகுதிகளாகக் கொண்டுவந்தது. சுரத்தை எழுத்தாகவே எழுதி, அசைவுகளுக்குத் தனிக் குறிகளை மேலே இட்டார் தீட்சிதர். இங்கே ஓர் அசைவு உண்டு என்று குறி சொல்லும். அந்த அசைவுக்குள் நேரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது குருவின் வாயில் இருக்கும்.

நேரத்துக்கு நம் சுரக்குறிப்பில் வழங்கும் வழியைப் பாடம் கேட்ட எல்லோரும் அறிவர். ‘ஸ’ ஒன்று, ‘ஸா’ இரண்டு. மேலும் நீள வேண்டுமானால் ஒன்றுக்கு ஒரு காற்புள்ளி, இரண்டுக்கு ஓர் அரைப்புள்ளி. எழுத்தின் தலைமேல் ஒரு கோடு போட்டால் நேரம் பாதி, இரண்டு கோடு போட்டால் கால். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை நான்கு, இரண்டு, இரண்டாகக் கோடுகளால் பிரியும். இதில் நான் மிகவும் ரசிப்பது காற்புள்ளியை. ஐரோப்பிய அச்சு நமக்குக் கொண்டுவந்த நிறுத்தக்குறி அது. உரைநடையில் ‘சற்று நில்’ என்று பொருள். சுரக்குறிப்பில் ‘நிறுத்தாதே, இழு’ என்று அதற்கு நேர் எதிரான பொருள். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஈய எழுத்தை எடுத்து நீட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கோப்பவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. தலைக்கோடுதான் சிக்கல், ஏனென்றால் மேலே கோடு போட்ட ‘நி’ எந்தப் பெட்டியிலும் இராது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். மேற்கே ஏலமலைச் சரிவு, அடிவாரத்தில் போடியும் தேவாரமும். பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் சுருளிமலை. 1859இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே சடையாண்டிப் பத்தரிடம் வயலினும் கற்ற ஓர் இளைஞர் இந்தச் சுருளிமலைக்கு மூலிகை தேடி வந்தார். கருணானந்தர் என்னும் துறவியிடம் சித்த மருத்துவம் பயின்றார். பிற்காலத்தில் தஞ்சையில் மருந்து விற்றுச் சேர்த்த செல்வத்தையெல்லாம் இசை மாநாடுகளிலும் அச்சிலும் கொட்டி, 1917இல் வெளியிட்ட பெருநூலுக்கும் அந்தக் குருவின் பெயரையே வைத்தார். ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற தலைப்பில் கருணை என்று நாம் படிப்பது உண்மையில் ஒரு சுருளிமலைத் துறவியின் பெயர்.

பண்டிதர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் கணக்கிட்டது சுருதியை. ஒரு தானத்தில் 22 சுருதியா 24 சுருதியா என்பதே அவர் வழக்கு. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் மகளிரை வீணையோடு நிறுத்தி அதை வாதிட்டார். நேரத்தைப் பற்றி அத்தகைய வழக்கு ஏதும் அவருக்கு இல்லை. ஏன் இல்லை என்று யோசித்திருக்கிறேன். சுருதிக்குத் தமிழ் எழுத்தில் அடையாளம் இல்லை, ‘ரி’ என்று எழுதினால் எந்த ரி என்று தெரியாது. நேரத்துக்கோ எழுத்திலேயே அடையாளம் இருக்கிறது. ரி, ரீ, க, கா, நி, நீ. மொழியே அந்த வேலையைச் செய்துவிட்டதால் அவருக்கு அங்கே சண்டை போட இடமில்லாமல் போயிற்று என்பது என் ஊகம். 1907இல் மாணவர்களுக்காக அவர் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரத் திரட்’டைப் புரட்டுகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளக்கூடும்.

எதிர்க்கரையிலிருந்து இந்தக் கரைக்கு. போடியிலிருந்து தெற்கே தேவாரம் வழியாகப் போனால் மலையடிவாரத்தில் பண்ணைப்புரம். அங்கே பிறந்த பாவலர் வரதராசன், 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தோட்டந்தோட்டமாகப் பாடினார். மாநிலப் பிரிவினையில் கேரளத்தோடு போய்விட்ட மலை அது, ஆனால் வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். அந்தப் பாட்டுகளை யாரும் ஐந்துகோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பாடவில்லை. கூட்டம் கூடக்கூடப் பாட்டு நீண்டிருக்கும், மழை வந்தால் சுருங்கியிருக்கும். அந்தக் குழுவில் சேர்ந்து வளர்ந்த அவர் தம்பி இராசையா, பிற்பாடு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய எழுத்து கற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது அவர் இளையராஜா.

இங்கே என் வாதத்துக்கு எதிரான சாட்சியை நானே அழைக்க வேண்டியிருக்கிறது. எழுத்து நேரத்தை உடைக்கிறது, கட்டத்தில் அடைக்கிறது என்றெல்லாம் நான் முறையிடலாம். ஆனால் பண்ணைப்புரத்துக்காரர் பேனாவால் தாளில் எழுதியதை, அவர் முகத்தையே பார்த்திராத வயலின்காரர்கள் ஒத்திசைந்து வாசித்தார்கள் என்றால், அது அந்த உடைப்பினால் விளைந்த நன்மை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. அந்தக் கலைஞர்களுள் எவரும் குருவின் எதிரில் அமர்ந்து பாடம் கேட்டதில்லை. எத்தனை அடி, எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று தாளே சொல்லியிருக்க வேண்டும். ‘குருவின் வாயில் இருக்கும்’ என்பது நல்ல ஏற்பாடு. குருவின் எதிரில் உட்கார அனுமதி கிடைத்தவனுக்கு. அனுமதி எல்லோருக்கும் கிடைத்த நாடில்லை இது. எழுதிய இசை யார் படித்தாலும் திறக்கும் என்பதை நம் பக்கத்து மலையடிவாரம் மறக்கக் கூடாது.

ஆகவே மென்பொருளைத் தள்ளிவிட முடியாது. எதை எந்த எழுத்தில் எழுதுவது என்பதே கேள்வி. நம் சுரக்குறிப்பைக் கணினியில் எழுத முயன்றவர்கள் உண்டு. எம். சுப்பிரமணியன் உருவாக்கிய ‘காயகா’வில் சுரங்களை எழுத்துகளாகத் தட்டச்சு செய்தால் கமகத்தோடு இசைத்துக் காட்டும். இசையமைப்பாளர் ரமேஷ் விநாயகம் ‘கமகப் பெட்டி’ என்னும் எழுத்துமுறையை வகுத்தார். பொதுவான இசை மென்பொருள்களோ ஐந்துகோட்டுக்காகவே பிறந்தவை. 1988இல் வந்த பினாலே, 1993இல் வந்த சிபெலியஸ், பின்னர் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய மியூஸ்ஸ்கோர். இவற்றுள் பினாலேயின் வளர்ச்சியை நிறுத்திவிட்டதாக அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளில் உலகெங்கும் அதில் எழுதப்பட்டவை வேறு வடிவத்துக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. 1904இன் பிரதர்சினியை இன்றும் கையில் எடுத்துப் படிக்கலாம்.

தமிழில் சுரக்குறிப்பைச் சொற்செயலியில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு அந்தப் பழைய ஈய எழுத்துக்காரரின் துன்பமே திரும்ப வந்திருக்கிறது. ஒருங்குறியில் ‘ஸா’ என்பது ஸகரமும் துணைக்காலும் என்று இரண்டு குறியீடுகள். நீட்டம் தனியே பிரிந்து நிற்கிறது, அழகுதான். ஆனால் தலைக்கோட்டுக்கான குறியைச் சேர்த்தால் பெரும்பாலான எழுத்துருக்களில் அது எழுத்தின் மேல் ஒழுங்காக அமர்வதில்லை. ‘நி’யின் மேல்விலங்கோடு முட்டிக்கொள்ளும். ஆகவே பலர் அட்டவணை போட்டு, ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பெட்டி என்று ஒதுக்கி, பெட்டிக்குள் சுரங்களை நிரப்புகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் கர்வென் பரப்பிய டானிக் சோல்பா முறையும் இப்படித்தான். எழுத்தே சுரம், முக்காற்புள்ளி, புள்ளி, சிறுகோடு ஆகியவை நேரம், சமநேரத்துக்குச் சம இடம். மிஷன் பள்ளிகள் வழியாக உலகெங்கும் போன முறை அது. மாணவியின் தேவாலயத்தில் பழைய பாடகர்கள் சிலருக்கு இன்னும் தெரிகிறது.

கடைசியில் அவள் தாளை எப்படி அச்சிட்டோம் என்று சொல்ல வேண்டும். ஒரு பிற்பகல் முழுவதும் வாதாடினோம். மென்பொருளில் தாளக்கணக்கை அணைக்க முடியும், குறுக்குக்கோடுகளை மறைக்க முடியும் என்று அவளே கண்டுபிடித்தாள். நான்கு துண்டுகளையும் நீக்கிவிட்டு ஒரே ஒரு முட்டைச் சுரத்தை வைத்து, அதன் தலையில் ‘பாடுவோர் விருப்பம்போல் நிறுத்துக’ என்று பொருள்படும் கண் போன்ற குறியை இட்டோம். கீழே பாட்டுச் சொல்லில், இலக்கணப்படி தேவைக்கு மேலாகவே, ‘ரோஒஒஒ’ என்று எழுதினோம். ஒலிப்பதிவையும் உடன் வைக்கலாம் என்றேன். ஆனால் தாள் திருத்துகிறவர்கள் ஒலியைக் கேட்க மாட்டார்கள் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

நீட்டத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம் என்று இரண்டாவது பதிவுக்குப் போனாள். இம்முறை வீட்டில் தூளி கட்டியிருந்தார்கள். அவள் அக்காளின் குழந்தை. அதே பாட்டு, அதே ‘ரோ’. அளந்தால் இரண்டடிகூட இல்லை. எது சரி அம்மாச்சி, போன தடவை அவ்வளவு இழுத்தியே என்று கேட்டிருக்கிறாள்.

“அன்னைக்கு ஏது பிள்ள? சும்மா பாடச் சொன்னே, பாடினேன். இன்னைக்குப் பிள்ள உறங்கிருச்சு. உறங்கினபெறகு எதுக்குத் தாயி இழுக்கணும்?”

அவள் ஏட்டில் இப்போது இரண்டு தாள்களும் இருக்கின்றன. இரண்டாவது தாளில் ‘ரோ’வுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘குழந்தை தூங்கிவிட்டது’ என்று எழுதி வைத்திருக்கிறாள்.